இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு, 11 வாரக் குட்டி நாய்: ஒன்னுக்குப் பழக்குவது எப்படி?

பொள்ளாச்சி_பஸ் | ஜூன் 11, இரவு 9.52

வணக்கம். கேரளாவில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். சொந்த ஊர் உடுமலைப் பக்கம், இங்கே வந்து ஏழு மாதம்தான். நான் தினமும் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குப் போய் வேலை பார்க்கிறேன். காலை 7.40 பஸ், வீடு திரும்ப மாலை 6.20. என் வீட்டுக்காரருக்குக் கஞ்சிக்கோட்டில் ஷிப்ட், வாரா வாரம் மாறும்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு பெண் குட்டி வாங்கினோம். பொமரேனியன் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பெயர் சுக்கு. இப்போது 11 வாரம். குணத்தில் தங்கம். ஆனால் வீடு முழுக்க ஒன்னுக்கு, ரெண்டுக்கு. திண்ணையில் பேப்பர் விரித்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்த மாதங்களில் எப்படி வீசும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பேப்பர் பக்கத்துத் தென்னந்தோப்பில் கிடக்கிறது. உள்ளே விரித்தால் கிழித்து விளையாடுகிறது. நான்கு நாள் பாத்ரூமில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனோம். அங்கேயே போய், அதிலேயே மிதித்து, மாலையில் திறந்ததும் சிவப்புத் தரை முழுக்க ஈரக் காலடி.

நேற்று என் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த பாயில் போய்விட்டது. கத்திவிட்டேன். அது கட்டிலுக்கு அடியில் போய் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. இரவு சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. வேலைக்குப் போகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பழைய_பட்டாளம் | ஜூன் 11, இரவு 10.15

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. போன இடத்துக்குக் கழுத்தைப் பிடித்து இழுத்துப் போய் மூக்கைத் தேய்க்கணும். பேப்பரைச் சுருட்டி ஒரு தட்டு. மூணு நாளில் சரியாகிவிடும். செல்லம் கொடுத்தால் தலையில் ஏறும். நான் எட்டு நாய் வளர்த்தவன்.

கடைசிபெஞ்ச் | ஜூன் 11, இரவு 10.31

ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் எதற்கு நாய்? மீன் வளர்த்திருக்கலாமே.

மருந்துப்பெட்டி | ஜூன் 12, காலை 6.05

கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை, டாக்டருக்குப் பக்கத்தில் 31 வருஷம் நின்றவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டாளம் சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. மூக்கைத் தேய்ப்பதால் குட்டி ஒரே ஒரு பாடம்தான் கற்கும்: இந்த மனுஷி பார்க்கும்போது போகக் கூடாது. அதற்குப் பிறகு நீங்கள் தோட்டத்துக்குக் கூட்டிப் போய் முக்கால் மணி நேரம் நின்றாலும் உங்கள் எதிரில் போகாது. உள்ளே வந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் போகும். செய்த காரியத்தையும் வாங்கிய அடியையும் முடிச்சுப் போட நாய்க்கு ஓரிரு நொடிதான் அவகாசம். ஆறு மணிக்கு வந்து மத்தியானம் போனதற்குக் கத்தினால், அதன் கணக்கில் நீங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் கத்துகிறீர்கள். 'தப்பு செய்தது அதுக்கே தெரியும், முகத்தைப் பாருங்க' என்பார்கள். அது உங்கள் முகத்தைப் பார்த்து பயந்த முகம், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணி நேரம்தான் பகலில் அதிகபட்சம் அடக்கும். இது ஒரு கைக்கணக்கு, சட்டம் இல்லை. உங்கள் குட்டிக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. மூன்றரை மணி என்றாலே நீட்டிச் சொல்வது. சின்ன ஜாதிக்கு மூத்திரப்பையும் சின்னது, அதனால் இன்னும் குறையும். நீங்களோ 10 மணி 40 நிமிஷம் வெளியே இருக்கிறீர்கள். வளர்ந்த நாயே ஆறிலிருந்து எட்டு மணி நேரம்தான் தாங்கும். ஆகவே சுக்கு தப்பு ஒன்றும் செய்யவில்லை. அதனால் முடியாததை நீங்கள் கேட்கிறீர்கள்.

இரண்டு கேள்வி. காலையில் என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள்? ஊசி எத்தனை போட்டாயிற்று?

பொள்ளாச்சி_பஸ் | ஜூன் 12, இரவு 8.40

நன்றி சார். பஸ்ஸில் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன்.

காலை 7 மணிக்குப் பாலில் ஊறவைத்த பிஸ்கட். பிறகு ஒரு கிண்ணம் சாதம் வைத்துவிட்டுப் போவேன், நாள் முழுக்க எப்போது வேண்டுமானாலும் சாப்பிடட்டும் என்று. ஊசி ஒன்று ஆகியிருக்கிறது, அடுத்தது இந்த மாதக் கடைசியில்.

கடைசிபெஞ்ச் அவர்களுக்கு: மீனும் இருந்தது. அதை வீட்டுக்காரரின் தம்பி பையன் சோப்புத் தண்ணீரில் விட்டுக் கழுவிவிட்டான்.

மருந்துப்பெட்டி | ஜூன் 12, இரவு 9.30

முதலில் பாலை நிறுத்துங்கள். தாய்ப்பால் மறந்த குட்டிக்கு மாட்டுப்பாலில் உள்ள சர்க்கரை சரியாகச் செரிக்காது, வயிறு இளகும். இளகிய வயிற்றை யாராலும் பழக்க முடியாது. நாள் முழுக்கக் கிண்ணம் வைப்பதும் வேண்டாம். போவது எப்போது என்று தெரிய வேண்டுமென்றால் வருவது எப்போது என்று நம் கையில் இருக்க வேண்டும். இந்த வயசுக்கு மூன்று வேளை. வைத்து கால் மணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். சாப்பிட்டு 15 முதல் 30 நிமிஷத்துக்குள் பெரும்பாலும் ரெண்டுக்குப் போகும். தூங்கி எழுந்ததும் ஒன்னுக்கு. விளையாடி ஓய்ந்ததும் ஒன்னுக்கு. இந்த மூன்று நேரத்தையும் நீங்கள் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். பகலில் எப்போதும் இருக்கணும்.

சாதத்தில் குழம்பு ஊற்றினால் வெங்காயம் வரும். வெங்காயம், பூண்டு நாய்க்கு ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும்.

ஊசி முடியும்வரை தெருவில் இறக்காதீர்கள். குட்டிகளின் உயிரையே எடுக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒரு வருஷம்கூட இருக்கும். தெருநாய் வராத சொந்த வாசல் போதும். மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வருகிற எலிக்காய்ச்சலும் இருக்கிறது, உங்கள் பக்கத்தில் எலிப்பனி என்பார்கள். நாய்க்கும் வரும், மனுஷனுக்கும் வரும். தேங்கிய தண்ணீரில் விடாதீர்கள்.

சித்தூர்_ரெண்டு | ஜூன் 12, இரவு 10.02

எங்கள் சித்தூரில் அரசு கால்நடை ஆஸ்பத்திரியில் நல்லா பார்க்கிறாங்க, அங்கே காட்டுங்களேன். கொழிஞ்சாம்பாறை சித்தூருக்குப் பக்கம்தானே?

பொள்ளாச்சி_பஸ் | ஜூன் 12, இரவு 10.09

அண்ணா, எங்களுக்குப் பக்கம் பாலக்காட்டுச் சித்தூர். நீங்கள் எந்த சித்தூர்?

சித்தூர்_ரெண்டு | ஜூன் 12, இரவு 10.11

ஆந்திரா. ஓ. மன்னிக்கவும்.

சாரல்காலம் | ஜூன் 13, மதியம் 1.20

நான் செங்கோட்டை. புளியரை தாண்டினால் கேரளா. எங்கள் வீட்டில் ஒரு டேஷண்ட், குட்டைக்கால் ஜாதி நாய், வயசு ஆறு. இப்போது தங்கமாக இருக்கிறான், ஆனால் குட்டியில் அவன் என்னை அழவைத்த கதையைச் சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அவன் வந்தது ஏப்ரலில். காய்ந்த மண்ணில் அழகாகப் பழகிவிட்டான். நான் ஊரெல்லாம் பெருமை அடித்தேன். ஜூன் பிறந்தது, சாரல் தொடங்கியது. டேஷண்டுக்குக் கால் எவ்வளவு உயரம் என்று தெரியும்தானே, ஈரப்புல் நேராக வயிற்றில் படும். வாசல்படியில் நின்று ஒரு காலைத் தூக்கிப் பார்ப்பான். என்னைப் பார்ப்பான். திரும்பி நேராக உள்ளே வந்து மிதியடியில் போய்விடுவான். நான் குடை பிடித்துக்கொண்டு வெளியே நனைந்து நிற்பேன், அவன் உள்ளே வேலையை முடித்துவிட்டு எனக்காகக் காத்திருப்பான்.

அப்போது ஒருவர் சொன்ன விஷயம் இது. குட்டி நாய் இடத்தைவிடக் காலுக்கு அடியில் என்ன படுகிறது என்பதைத்தான் முதலில் நினைவில் வைக்கும். மண்ணில் பழகினால் மண், புல்லில் பழகினால் புல், பாயில் பழகினால் பாய். அதனால்தான் மிதியடி, துண்டு, கோரைப்பாய் எல்லாம் மாட்டிக்கொள்கிறது. மெத்தென்று இருக்கும், உறிஞ்சும், காலில் தெறிக்காது. அம்மா கொடுத்த பாயைச் சுருட்டிப் பரணில் போடுங்கள் அக்கா. கீழே எதுவும் விரிக்காதீர்கள், நாலு மாதத்துக்கு.

நாங்கள் கடைசியில் கார் நிறுத்துகிற ஷெட்டுக்குள், மழை படாத இடத்தில், ஒரு பழைய தகர ட்ரேயில் வேரோடு வெட்டிய புல்லை வைத்தோம். அதில் அவனே ஒரு முறை போன துண்டு மண்ணையும் கொண்டுவந்து போட்டோம், வாசனைக்கு. ரெண்டாவது நாள் பிடித்துக்கொண்டான்.

நகரி_மில் | ஜூன் 13, இரவு 11.45

ஷிப்ட் முடிந்து இப்போதுதான் பார்த்தேன். நகரியில் விசைத்தறி எங்களுக்கு. தறி ஓடும்போது எழுந்து போக முடியாது, இழை அறுந்தால் நின்று கட்டணும். ஆகவே வேலைக்குப் போகிறவர் கஷ்டம் தெரியும். எங்கள் நாய் பக் ஜாதி. பெரிய பிளாஸ்டிக் ட்ரேயில் தேங்காய் நார்த்தூள் நிரப்பி வைத்தோம். நல்லா உறிஞ்சும், வாடை கம்மி, நாலு நாளைக்கு ஒரு முறை செடிக்குக் கொட்டிவிடலாம். ஒரே தொந்தரவு, ஈரக்காலோடு நடந்தால் தரையில் காப்பித்தண்ணி மாதிரி கறை.

பொள்ளாச்சி_பஸ் | ஜூன் 14, காலை 7.58

பஸ்ஸிலிருந்து. சிரிக்காதீர்கள். நான் கணக்கு எழுதுகிற கம்பெனியே நார்த்தூள் கம்பெனிதான்! டன் கணக்கில் கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். மூன்று வாரமாகப் பேப்பர் பொறுக்கிக்கொண்டு இருந்தேன் நான்.

மருந்துப்பெட்டி | ஜூன் 14, காலை 8.30

நல்லது, ஆனால் ஒன்று. குட்டி எதையும் வாயில் போடும் வயசு. உலர்ந்த நார்த்தூள் தண்ணீர் பட்டால் பல மடங்கு ஊதும். விழுங்கினால் வயிற்றில் அடைக்கும். அதனால் முதலில் நனைத்து ஊதவிட்டுப் பிழிந்து போடுங்கள். மேலே சாரல்காலம் சொன்ன மாதிரி வேரோடு புல் பத்தை வைத்து மூடிவிடுங்கள். அடியில் நார்த்தூள் உறிஞ்சும், மேலே காலில் புல் படும். நாளைக்கு வெளியே வாசலில் போகச் சொன்னாலும் அதே புல்தான். இரண்டு பாடம் நடத்த வேண்டியதில்லை.

பாத்ரூம் வேண்டாம். சமையலறையோ திண்ணையோ, ஒரு மூலையைக் கோழி வலை அடித்துத் தடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடியில் படுக்கை, மறு கோடியில் ட்ரே, நடுவில் தண்ணீர். படுக்கிற இடத்தை அசுத்தம் செய்ய நாய்க்குப் பிடிக்காது, தள்ளிப் போகும். பாத்ரூமில் தள்ளிப் போக இடமே இல்லையே, அதனால்தான் மிதித்தது. கடையில் சின்னக் கூண்டில் நாள்கணக்கில் கிடந்து வந்த குட்டிக்கு இந்தக் கூச்சமே அற்றுப் போயிருக்கும், அதற்குப் பொறுமை ரெட்டிப்பு வேண்டும்.

இது நீங்கள் இல்லாத நேரத்துக்கு. நீங்கள் இருக்கும் நேரத்தில் வாசலுக்குக் கூட்டிப் போங்கள். போனதும் அந்த நொடியே, அங்கேயே, ஒரு கடலை அளவு வேகவைத்த கோழி. உள்ளே வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கூலி என்று நினைத்துக்கொள்ளும்.

பழைய_பட்டாளம் | ஜூன் 14, காலை 9.10

கோழி எல்லாம் கொடுத்தால் நாயா அது, மாப்பிள்ளையா?

மொட்டைமாடி | ஜூன் 15, மாலை 5.40

யாரும் கழுவுவதைப் பற்றிச் சொல்லவில்லையே. அதுதான் முக்கியம். போன இடத்தின் வாசனை நமக்குப் போய்விடும், அதுக்குப் போகாது. அதன் மூக்குக்கு அங்கே 'இது கக்கூஸ்' என்று போர்டு தொங்குகிறது. பினாயிலைக் கொட்டினால் பினாயில் வாசனையும் மூத்திர வாசனையும் சேர்ந்து இருக்கும். அம்மோனியா கலந்த கிளீனர் இன்னும் மோசம், மூத்திரத்திலேயே அந்த வாசனை உண்டு.

என்சைம் கிளீனர் என்று செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், வாசனைக்குக் காரணமானதையே சிதைத்துவிடும். முதலில் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பழைய பினாயில் இருந்தால் வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் அது என்சைமை வேலை செய்ய விடாது. பிறகு ஊற்றிக் கால் மணி நேரம் ஈரமாகவே விடணும். ஊற்றித் துடைத்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பவர்கள்தான் அதிகம்.

வினிகர் போடலாம் என்பார்கள். டைல்ஸில் போடுங்கள். உங்களுடையது சிவப்புத் தரை என்றீர்கள். அது சிமெண்டு, ஆக்சைடு. புளிப்பு பட்டால் பொரிந்து மங்கிவிடும். வீட்டுக்குச் சொந்தக்காரர் அட்வான்ஸில் பிடிப்பார். எனக்குப் பிடித்தார்.

பொள்ளாச்சி_பஸ் | ஜூன் 18, இரவு 9.15

ஒரு வேடிக்கை. எங்கே எங்கே போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று புலம்பினேன். ஆபீஸ் கேஷியர் அண்ணா கள்ளநோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சைக் கொடுத்து, இருட்டில் அடித்துப் பாரும்மா என்றார். நேற்று இரவு விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு நானும் வீட்டுக்காரரும் தரையில் தவழ்ந்தோம். அரிசி டிரம்முக்குப் பின்னால் மஞ்சள் பச்சையாக ஒரு தீவு. கட்டில் காலைச் சுற்றி ஒரு வளையம். பூஜை அறை நிலைப்படியில் வரிசையாக மூன்று பொட்டு, கோலம் போடப் புள்ளி வைத்த மாதிரி. சுக்கு பின்னாலேயே வந்து, டார்ச் விழுந்த இடத்தையெல்லாம் மோந்து பார்த்துக்கொண்டு, ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி நடந்தது. மொத்தம் 14 இடம். எல்லாவற்றையும் மொட்டைமாடி சொன்னபடி கழுவிவிட்டேன். வினிகர் வாங்கி வைத்திருந்தேன், தப்பித்தது தரை.

வலை அடித்தாயிற்று. ட்ரே வைத்தாயிற்று. ஆனால் பகல் பத்தரை மணி நேரம் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு என்ன செய்ய?

மருந்துப்பெட்டி | ஜூன் 18, இரவு 9.50

வீட்டுக்காரரின் ஷிப்ட் நேரங்களைச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி_பஸ் | ஜூன் 18, இரவு 10.05

ஒரு வாரம் காலை 6 முதல் 2, அடுத்த வாரம் 2 முதல் 10, அதற்கடுத்தது இரவு 10 முதல் காலை 6.

மருந்துப்பெட்டி | ஜூன் 18, இரவு 10.40

அப்படியானால் பிரச்சினை ஒரு வாரத்தில்தான் முற்றுகிறது. காலை ஷிப்ட் வாரத்தில் நீங்கள் கிளம்பிய 7.40 முதல் அவர் வந்து சேரும் 3 மணி வரை யாருமில்லை. பிற்பகல் ஷிப்ட் வாரத்தில் ஒரு மணி வரை அவர் வீட்டில், பிறகு நீங்கள் வரும்வரை ஐந்தரை மணி நேரம். இரவு ஷிப்ட் வாரத்தில் அவர் பகலில் இருக்கிறார், ஆனால் தூங்குகிறார். அவர் எழுந்து ஒரு தடவை 11 மணிக்கு, ஒரு தடவை 3 மணிக்கு வெளியே விட வேண்டும். அலாரம் வைக்கச் சொல்லுங்கள், முனகுவார்.

குட்டிக்கு நேரம் வாரா வாரம் மாறக் கூடாது. நடுவில் 11 மணிக்கும் 3 மணிக்கும் யாராவது ஒருவர் கதவைத் திறந்துவிட்டால் போதும், பத்து நிமிஷ வேலை. பக்கத்து வீட்டில் யாரும் இல்லையா?

பொள்ளாச்சி_பஸ் | ஜூன் 18, இரவு 10.52

ஒரு முத்தச்சி (பாட்டி) இருக்கிறார்கள். மலையாளம் மட்டும்தான். எனக்கு அரைகுறை. கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

சாரல்காலம் | ஜூன் 19, காலை 7.05

கூச்சப்பட்டால் பாய் போகும் அக்கா. கேளுங்கள்.

பொள்ளாச்சி_பஸ் | ஜூன் 27, இரவு 9.20

கேட்டேன். முத்தச்சி நான் சொல்லி முடிப்பதற்குள் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்கள். காசு பேச்சு எடுத்தேன், முகம் சுருங்கிவிட்டது. பொள்ளாச்சிச் சந்தை வெற்றிலை என்றால் மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது நாள் மாலை நான் பஸ் இறங்கி வரும்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுக்குவைப் பார்த்து 'முள்ளியோ மோளே? முள்ளியோ?' என்றார்கள். ஐயோ, முள் குத்திவிட்டதா என்று நான் அப்படியே வாசலில் உட்கார்ந்து நாலு காலையும் தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன். விரலுக்கு நடுவில் எல்லாம் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. முத்தச்சி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். முள்ளுவது என்றால் மலையாளத்தில் ஒன்னுக்குப் போவதாம்!

காலண்டரில் குறித்துவருகிறேன். தவறான இடத்தில் போனது, முதல் வாரம் 19 தடவை. இந்த வாரம் 8. அதில் ஐந்து நான் வீட்டுக்கு வந்ததும் வாலை ஆட்டிக்கொண்டே என் காலடியில் விடுவது.

மொட்டைமாடி | ஜூன் 27, இரவு 9.44

அந்த ஐந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது சந்தோஷத்தில் கசிவது, அதுக்கே தெரியாது. திட்டினால் பயத்தில் இன்னும் கசியும். வந்ததும் குனிந்து கொஞ்ச வேண்டாம். பார்க்காத மாதிரி நேராக வாசலுக்குக் கூட்டிப் போங்கள், அங்கே போன பிறகு கொஞ்சுங்கள். வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும்.

பழைய_பட்டாளம் | ஜூன் 28, காலை 6.30

ஒரு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். என் எட்டு நாயும் தோட்டத்தில் கட்டிக் கிடந்தவை. வீட்டுக்குள் வளர்த்ததே இல்லை. இப்போது பேத்திக்காக ஒரு குட்டி உள்ளே வந்திருக்கிறது. நேற்று என் செருப்பில். பேத்தி எதிரில் பேப்பரைச் சுருட்டவும் முடியவில்லை. அந்தக் கோழி எவ்வளவு அளவு என்று சொன்னீர்கள்?

மருந்துப்பெட்டி | ஜூன் 28, காலை 6.41

கடலை அளவு சார். பொட்டுக்கடலை இல்லை, கொண்டைக்கடலை.

பொள்ளாச்சி_பஸ் | ஜூலை 6, இரவு 8.55

சறுக்கல். நான்கு நாள் ஒன்றுமே இல்லாமல் இருந்தது. நேற்று முதல் அரை மணிக்கு ஒரு தடவை உட்காருகிறது, சொட்டு சொட்டாக. ட்ரேயில், தரையில், எல்லா இடத்திலும். மறுபடி முதலிலிருந்தா?

மருந்துப்பெட்டி | ஜூலை 6, இரவு 9.02

இது பழக்கம் சம்பந்தப்பட்டது இல்லை. நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி சொட்டினால் மூத்திரப்பாதையில் தொற்று இருக்கலாம். பெண் நாய்க்கு அதிகம் வரும். நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். முடிந்தால் காலை முதல் மூத்திரத்தை ஒரு சுத்தமான தட்டில் பிடித்துக்கொண்டு போங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

பொள்ளாச்சி_பஸ் | ஜூலை 8, இரவு 9.30

தொற்றுதான். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நிறுத்தாமல் முழுசும் கொடுக்கணும் என்றார்கள். ஒரு நாள் லீவு போட்டேன். தட்டு பிடித்த கதையைச் சொல்ல மாட்டேன்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: இது பொமரேனியன் இல்லையாம், இந்தியன் ஸ்பிட்ஸ். நம் ஊர் வெயிலுக்குத் தாங்கும் ஜாதி, நம்மிடம் பொமரேனியன் என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் இதுதான் என்றார். பொமரேனியன் விலை கொடுத்ததை நான் சொல்லவில்லை. ரேபீஸ் ஊசியும் மூன்று மாதம் ஆனதும் போடணும், கேரளாவில் நாய்க்கு உள்ளாட்சி லைசன்ஸ் எடுக்க அந்தச் சான்று வேண்டும், புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள் என்றார்.

நகரி_மில் | ஜூலை 9, அதிகாலை 12.20

குணமாகட்டும். எங்கள் தறிக்கூடத்தில் எல்லோரும் சுக்கு கதை கேட்கிறாங்க.

பொள்ளாச்சி_பஸ் | ஜூலை 26, இரவு 9.48

18 வாரம் ஆகிவிட்டது சுக்குவுக்கு. மாத்திரை முடிந்து இரண்டு வாரமாகத் தவறான இடத்தில் போனது மொத்தமே இரண்டு தடவை. ஒன்று இடி இடித்தபோது. இன்னொன்று வீட்டுக்காரர் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிய அன்று, அது அவர் கணக்கு. இப்போது ட்ரேயை தினம் ஒரு முழம் வாசல் பக்கம் நகர்த்துகிறேன். பாய் இன்னும் பரணில்தான்.

ஆனால் புதுசாக ஒரு சிக்கல். கர்க்கடக மாதம் (நம் ஆடி) பிறந்ததும் முத்தச்சி ஒற்றப்பாலத்தில் மகள் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தங்கிவிட்டார்கள். அந்த வாரம் வீட்டுக்காரருக்கு இரவு ஷிப்ட். பகலில் அவர் வாசலுக்குக் கூட்டிப் போனால் சுக்கு உட்கார்ந்து அவரையே பார்க்கிறது. 'போ' என்றார். 'ஒன்னுக்குப் போ' என்றார். கெஞ்சினார். அசையவில்லை. அப்புறம்தான் எனக்குப் பொறி தட்டியது, போன் செய்து சொன்னேன்: முத்தச்சி மாதிரி சொல்லுங்கள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலை இழுத்து 'முள்ளிக்கோ மோளே' என்றாராம். அந்த நொடியே போய்விட்டது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் வார்த்தை. நேற்று காலை ஆறே முக்காலுக்கு அவர் ஷிப்ட் முடிந்து வந்து, கண்ணைத் திறக்க முடியாமல், வாசலில் சுக்குவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு 'முள்ளு, முள்ளு' என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். எதிர் வீட்டில் புதிதாகக் குடி வந்த தாராபுரத்து லாரிக்கார அண்ணன் பல் தேய்த்துக்கொண்டே பார்த்துவிட்டு உள்ளே ஓடிப்போய் ஊசியும் தேங்காய் எண்ணெயும் எடுத்து வந்து, 'எந்தக் கால்ல தம்பி?' என்று கேட்டாராம்.